பிள்ளைக் காம்பராவில் படித்த அரியர் பேப்பர்

தமிழ் இலக்கியம் படித்தவள் தமிழ் உரைநடையில் தோற்றுப்போனாள் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். எல்லோரும் சிரித்தார்கள். செய்யுளில் தேறினேன், இலக்கணத்தில் தேறினேன், யாருக்கும் பிடிபடாத திறனாய்வில்கூட எப்படியோ கரையேறிவிட்டேன். கட்டுரைத் தொகுப்பு ஒன்றைப் பாடமாக வைத்திருந்த உரைநடைத் தாளில் மட்டும் மறுபடியும் மறுபடியும் கவிழ்ந்தேன். கூடப் படித்தவர்கள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் கீழ் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீட்டில், அந்த ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு நவம்பர் தேர்வுக்காகக் காத்திருந்தேன்.

எனக்குப் படிக்கப் பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் மாத நாவல்களில் நான் படிக்காதது குறைவு. ஊட்டிக் கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில், பஸ் வளைவு திரும்பும்போதெல்லாம் மற்றவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார்கள், நான் கொலை செய்தவனைத் தேடிக்கொண்டிருப்பேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்திருக்கிறேன். ஆனால் ஒரு புத்தகத்தின் மேல் 'பாடம்' என்ற பெயர் விழுந்துவிட்டால் போதும், எனக்கும் அதற்கும் ஆகாமல் போய்விடும். நாளைக்கே அந்த மாத நாவல்களைப் பாடமாக வைத்தாலும் அவற்றையும் வெறுத்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தக் கட்டுரை ஆசிரியர் ஒரு தனிப் பிறவி. எதைச் சொன்னாலும் அடுத்த பத்தியை "ஆகவே" என்று தொடங்குவார். முந்தின பத்திக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்குக் கிடையாது. கண்ணால் படித்தால் இரண்டாவது 'ஆகவே'யிலேயே எனக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். வீட்டில் டி.வி.யோடு போட்டி போட முடியவில்லை. அப்போதுதான் சித்தி கூப்பிட்டாள்.

"ஏன்டி, ஊட்ல இருந்து எதுக்கு டி.வி.கூட மல்லுக்கட்டற? காம்பராவுக்கு வா. மத்தியானம் பிள்ளைக தூங்கிட்டா ஒரு சத்தம் இருக்காது."

தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் எஸ்டேட் காப்பகத்துக்கு எங்கள் ஊரில் பிள்ளைக் காம்பரா என்று பெயர். சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சொல், அப்படியே ஒட்டிக்கொண்டது. சித்தி அங்கே ஆயா. ஒரு நீளமான அறை, தகரக் கூரை, தரையில் பாய்கள், சன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு. அவ்வளவுதான் காம்பரா.

முதல் நாளே அந்தக் கட்டுரைகளின் அருமை சித்திக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து சன்னமான குரலில் படிக்கப் படிக்க, சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தொட்டிலை ஆட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. "நல்ல பொஸ்தகமா இருக்கே. இத எழுதுனவரு கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஆளுடி" என்றாள் சித்தி. அவள் கேலி செய்யவில்லை, மனதாரத்தான் சொன்னாள்.

தூங்காத ஒரே ஒருத்தி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று வயது இருக்கும். ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் மகள். காம்பராவில் அவர்கள் மொழி பேசும் பிள்ளை வேறு யாரும் இல்லை. வந்த நாள் முதல் அவள் அங்கே வாயே திறந்ததில்லை. பசி என்று சொல்ல மாட்டாள், தண்ணீர் கேட்க மாட்டாள், மற்ற பிள்ளைகள் பொம்மையைப் பிடுங்கினால் அழக்கூட மாட்டாள். தமிழ் தெரியாதவர்களிடம் சத்தமாகப் பேசினால் புரிந்துவிடும் என்பது சித்தியின் நம்பிக்கை. அவள் சத்தம் போடப் போட, அந்தக் குழந்தை சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் காது வலியோடு பகல் முழுக்க மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். சாயந்தரம் அம்மா வந்து தூக்கியபோதுதான் உடம்பு கொதிப்பது தெரிந்தது. சித்தி அன்று இரவு சாப்பிடவில்லை. அந்தப் பெண்ணின் புருஷன் கோபித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளையை அங்கேயே அவனுடைய அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டு, இவர்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பி வருவது. வாய் திறந்து வலி என்று சொல்லாத பிள்ளையை யாரை நம்பி விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்று அவன் கேட்டதில் தப்பில்லை.

"ஊட்ல பேசும், தீதி," என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னாள். அவர்கள் வழக்கில் தீதி என்றால் அக்கா. "கொஞ்சம், மெதுவா பேசும். இங்க மட்டும் இல்ல. அங்க விட்டா, அப்பறம் நான் வருஷம் ஒரு தடவ பாக்கணும்." கொழுந்து எடை போடும் இடத்தில் பொறுக்கிக்கொண்ட தமிழ் அது. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவையும் சொல்லிவிட்டு, ஈரக் கொழுந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். நான் என்ன செய்துவிட முடியும்? அரியர் எழுத வந்தவள்.

குழந்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அடுத்த வாரம். நான் கூப்பிடவில்லை. படித்துக்கொண்டே திரும்பினால், முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு குல்லாய் தெரிந்தது. பக்கத்தின் பாதியிலேயே கையை நீட்டித் தாளைத் திருப்பப் பார்த்தாள். "இரு, இன்னும் முடியல" என்றேன். கையை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நீட்டினாள். அன்றிலிருந்து தினமும் எங்களுக்குள் இதுதான் பேச்சுவார்த்தை.

பேசாத பிள்ளைக்கு உருப்படாத கட்டுரையை வாசித்துக் காட்டுவானேன், சுவாரசியமாக ஏதாவது படிப்போமே என்று ஒருநாள் மாத நாவலைக் கொண்டுபோனேன். ஓடும் ரயிலில் கொலை. குழந்தை வந்து உட்கார்ந்தது, கொஞ்ச நேரம் பார்த்தது, எழுந்து சுவரோரம் போய்விட்டது. எனக்கு ரோஷமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது, முதல் பத்தியைத் தாண்டியதுமே நான் வாயை மூடிக்கொண்டு கண்ணால் ஓட ஆரம்பித்திருந்தேன். சித்தி என்னை மூன்று நான்கு தடவை கூப்பிட்டாளாம், காதில் விழவே இல்லை.

பிடித்ததைப் படிக்கும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன். யாரும் கூட வர முடியாது. பாடப் புத்தகத்தில் எனக்கு அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒவ்வொரு வரியாக இழுத்துக்கொண்டு, நடுவில் நிமிர்ந்து மழையைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, பக்கத்தில் இருப்பவளையும் ஒரு தடவை பார்த்து, மறுபடியும் வரிக்குத் திரும்புவேன். அந்தக் குழந்தைக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கும் அவள் துணை தேவையாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

அவளுக்காக நான் கொஞ்சம் நடிக்கவும் ஆரம்பித்தேன். ஒரு 'ஆகவே'யைக் கிழவர் மாதிரி இருமிக்கொண்டு சொன்னேன். அடுத்ததை பஸ் கண்டக்டர் மாதிரி இழுத்துச் சொன்னேன். அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், வரிசையில் நிற்பதைப் பற்றிய அவருடைய கட்டுரை ஒன்று வந்தது. வகுப்பில் அதைக் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்து அப்படியே மறந்தும் இருந்தேன். இப்போது வாய்விட்டுப் படித்தால், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற அந்த மனிதர் தனக்கு முன்னால் நிற்பவரின் முதுகை இரண்டு பக்கத்துக்கு வர்ணித்திருக்கிறார். முதுகு நகர்ந்ததும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சத்தமே இல்லாமல், வாயை மட்டும் திறந்து.

இந்த ஆளிடம் இவ்வளவு குறும்பு இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. அதைவிட, இத்தனை மாதமும் புத்தகம் என் கையில்தான் இருந்தது என்பதை நினைத்து இன்னும் கோபம் வந்தது.

அக்டோபர் மழையில் ஒருநாள் கல்லூரிக்குத் தேர்வுக் கட்டணம் கட்டப் போய்விட்டு வந்தேன். புத்தகம் காம்பராவிலேயே இருந்தது. எடுத்துப் போகலாம் என்று போனால், வாசலில் நின்ற சித்தி விரலை உதட்டில் வைத்து என்னை நிறுத்தினாள். உள்ளே ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அந்தக் குழந்தை பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் என் புத்தகத்தைத் தலைகீழாக விரித்து வைத்துக்கொண்டு, எதிரே இருந்த இரண்டு பொடிசுகளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எந்த மொழியிலும் சேராத சொற்கள்தான். ஆனால் ஏற்ற இறக்கம் அத்தனையும் என்னுடையது. விரலை நாக்கில் தொட்டுத் தாளைத் திருப்பினாள். என்னைப் போலவே நெஞ்சு நிறைய ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு, தெளிவாக, "ஆகவே" என்றாள். எதிரே இருந்த ஒருவன் புத்தகத்தை இழுத்தான். அவன் கையைத் தட்டிவிட்டு, "இரு. இன்னும் முடியல" என்றாள்.

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. என்னை ஏய்த்துவிட்டு வந்த அழுகை, ஏனென்றால் நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

சாயந்தரம் அம்மாக்காரி வந்ததும் சித்தி விடவில்லை. "உம் பொண்ணு பேசுனா. பாடமே நடத்துனா. பாப்பா, சொல்லு சாமி, அம்மாகிட்டச் சொல்லு" என்று பிஸ்கட்டைக் காட்டினாள். நானும் என் பங்குக்கு இருமினேன், கண்டக்டராக இழுத்தேன். குழந்தை எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தப் பெண் எங்களிடம் தலையை ஆட்டினாள். நாங்கள் ஆறுதலுக்குச் சொல்கிறோம் என்று நினைத்திருப்பாள். "டிக்கெட் போட்டாச்சு, தீதி" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த சில நாட்கள் நான் செய்த கோமாளித்தனத்துக்கு அளவில்லை. அம்மா வரும் நேரம் பார்த்துப் புத்தகத்தைக் குழந்தையின் மடியில் வைத்தேன். போனில் பதிவு செய்யப் பார்த்தேன், போனை எடுத்தாலே வாயை மூடிக்கொண்டாள். ஆசிரியர்கள் என்னிடம் செய்ததையெல்லாம் நான் அவளிடம் செய்துகொண்டிருந்தேன். பிடித்துப்போன ஒன்றை அவளுக்குப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். அது தெரிந்தபோது விட்டுவிட்டேன்.

ஊருக்குப் போக நாள் நெருங்கிவிட்டது. அன்று மழை பலத்துக் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டதால், பெண்கள் மத்தியானமே பிள்ளைகளைத் தேடி வந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணும் தலையில் போட்ட பிளாஸ்டிக் சாக்கோடு வாசலில் வந்து நின்றாள். குழந்தை என் பக்கத்தில் இருந்தாள், வாசலுக்கு முதுகு காட்டி. தேர்வு பயம் பிடித்துக்கொண்டதால் அன்று கண்ணாலேயே வேகமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

குழந்தை கொஞ்ச நேரம் பொறுத்தாள். புத்தகத்தை எட்டிப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் பக்கத்தின் மேல் ஓங்கி ஓர் அடி வைத்து, "படி" என்றாள்.

பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அப்பா, அம்மா, வாத்தியார், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர்கூட. ஒருவர் சொல்லியும் நான் உடனே கேட்டதில்லை. அன்று மறுபேச்சில்லாமல் வரிசைக் கட்டுரையை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தேன். குரல் எனக்கே கட்டுப்படவில்லை.

வாசலில் அந்தப் பெண் சாக்கை எடுக்க மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தன் மொழியில் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் இருக்கும் அந்த அறையில், தன் மொழியிலேயே, உரக்க, அதட்டலாக ஒரு வாக்கியம் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அழுதாள்.

"என்னம்மா சொல்றா?" என்று சித்தி பதறிப்போய்க் கேட்டாள்.

"என்னச் சும்மா இருக்கச் சொல்லுது. தீதி படிக்குதாம்," என்றாள் அவள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவருகிட்ட நான் பேசறேன். மூணு பேரும் போவோம், மூணு பேரும் வருவோம்" என்றாள்.