அந்தோணி பேச்சை எடுக்காதீங்க

ஆம்பூர்த் தோல் கொட்டகையில் தேவசகாயமும் அந்தோணியும் ஒரு ஜோடி. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய எருமைத் தோலை ஒற்றை ஆளாய் வெளியே இழுக்க முடியாது. ஆளுக்கு ஒரு முனை பிடிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தேவசகாயத்துக்கு எதிர்முனையில் நின்றவன் அந்தோணிதான்.

ஜெர்மன் சண்டை முடிந்த வருஷம் வந்த விஷக் காய்ச்சல் அந்தோணியை வாரிக்கொண்டு போய்விட்டது. காய்ச்சல் தொற்றிக்கொள்ளும் என்று பயந்து தேவசகாயம் அவன் வீட்டுப் பக்கமே போகவில்லை. கல்லறையில் மண் தள்ளும்போதுதான் கிட்டே போய் நின்றான்.

அதற்குப் பிறகு அவன் பழைய ஆளாக இல்லை. கஞ்சி வைத்த இடத்திலேயே ஆறிக் கிடக்கும். விடியும் முன்பே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பான். “ஒரு தாட்டி கூட நான் போயி பாக்கல மேரி” என்பான் மனைவியிடம். அப்புறம் மார்வலியும் வந்தது.

நெஞ்சு பலவீனம், அதிர்ச்சி ஆகாது என்று சொல்லி மருந்து கொடுத்தார் கம்பவுண்டர். மனசில் என்ன பாரம் என்று அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. அவன் மனைவி ஆரோக்கியமேரிக்கு, ‘அதிர்ச்சி ஆகாது’ என்ற அந்த ஒரு சொல் போதும். புருஷனைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறவளாயிற்றே. வாசலை மறித்துக்கொண்டு, “அந்தோணி பேச்சை எடுக்காதீங்க, அவுரு நெஞ்சு தாங்காது” என்று வருகிறவர்களையெல்லாம் எச்சரித்தாள். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் கொட்டகை ஆட்கள் வருவதையே விட்டுவிட்டார்கள். அவனே வாய் திறந்தாலும், “அந்தப் பேச்சு வாணாங்க” என்று அடக்கிவிடுவாள். வீடு அமைதியாகிவிட்டது. அவளுக்கு அதில் திருப்தி வேறு.

ஒரு நாள் அந்தோணியின் மனைவி சவுரியம்மாள் வந்தாள்.

“அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்க்கா.”

“உன்னப் பாத்தாலே அவுருக்கு எல்லாம் ஞாபகம் வந்துடும். ஒடம்பு தேறட்டும், அப்புறமா வா.”

சவுரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். உள்ளே தேவசகாயம் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

“யாரு மேரி?”

“யாரும் இல்லீங்க.”

ஈஸ்டருக்கு முன்னால் ஒரு காலையில், தண்ணீர்ச் செம்பை வாங்கிய கையோடு அவன் சாய்ந்துவிட்டான்.

சாவு வீட்டில் யாரை அடக்க முடியும்? கொட்டகையே திரண்டு வந்து அந்தோணி கதையைத்தான் பேசியது. சவுரியம்மாள் மேரியைக் கட்டிக்கொண்டு, அன்று சொல்ல வந்ததைச் சொன்னாள்.

“எங்க வூட்டுக்காரரு சாவறப்போ சொன்னாருக்கா. ‘தேவசகாயம் இங்க வரவே கூடாது, அவனுக்குக் கொழந்தைங்க இருக்கு. வந்தான்னா நீயே தொரத்திடு’ன்னாரு. அண்ணன் வராதது அவுருக்கு நிம்மதிக்கா.”

மேரியின் அழுகை நின்றுவிட்டது. புருஷனின் காதருகே குனிந்து, அந்த வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னாள்.

“கேட்டுச்சாங்க?” என்றாள்.