ஆறு கோல் வாங்குவதற்கும் ஒரு மைதானம் வேண்டும்

ஹன்னெ இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒஸ்லோவின் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். தொலைபேசியில் அழைத்தவள் வசந்தி. ஹன்னெ உருவாக்கிய எங்கள் தாய்மார் உதைபந்தாட்ட அணியில் தொடக்கம் முதல் இடப்பக்கம் விளையாடுகிறவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"அக்கா, ஹன்னெ காலமை போயிட்டா. இப்பதான் ஆஸ்பத்திரியாலை போன் எடுத்துச் சொன்னவை" என்றாள். கையிலிருந்த கத்தரிக்காயைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்து, பேருந்துத் தரிப்பிடத்தில் நின்று அழுதேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பத்திரிகையில் நான்கு வரிக் குறிப்பு வந்தது. 'டென்மார்க் தேசிய அணியின் முன்னாள் வீராங்கனை. மென்மையானவர். எல்லோரோடும் இணங்கிப் போனவர்.' வாசித்ததும் அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. ஒருவரோடும் இணங்கிப் போகாமல் எழுபது வயதுவரை அவர் கட்டிக்காத்த பெயரை நான்கு வரியில் அழித்துவிட்டார்கள். எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டுமலர்க் குழுவும் என்னிடம் அரைப் பக்கம் கேட்டது. பிரச்சினையான விசயங்களைத் தவிர்த்து எழுதச் சொன்னார்கள். பிரச்சினையைத் தவிர்த்தால் ஹன்னெயில் மிச்சம் ஒன்றும் இராது. ஆகவே முழுவதையும் எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

அவர் டென்மார்க்கின் யூட்லாந்தில் ஒரு சிற்றூரில், இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். அண்ணன்மாரின் சப்பாத்துகளுக்குள் பழைய தாளை அடைத்துப் போட்டுக்கொண்டு விளையாடப் பழகியவர். பதினெட்டு வயதில் நாட்டுக்காகச் சிவப்புச் சட்டை அணிந்தார். அந்தச் சட்டையும் ஆண்கள் அணி போட்டுக் கழித்ததுதான். முழங்கால் வரை தொங்கியதாம். பெண்களே இருந்து வெட்டித் தைத்துக்கொண்டார்களாம்.

வெளிநாட்டில் ஒரு கிண்ணத்தை வென்று திரும்பிய கதையை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். ஞாயிறு இரவு வந்திறங்கி, திங்கள் காலை ஆறு மணிக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். "விடுமுறை நன்றாகப் போனதா?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். "நன்றாகப் போனது, நான்கு கோல்" என்று சொல்லிவிட்டு ஹன்னெ பெட்டி அடுக்கப் போனார். இதைச் சொல்லும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் சனம் நோர்வேயின் வடகோடியில் உள்ள பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்ட வந்திறங்கிய காலத்தில்தான் அவர் ஒஸ்லோவுக்குப் பந்து உதைக்க வந்தார். அவரைக் கூப்பிட்ட நோர்வேஜியக் கழகம் பெண்களுக்குக் கொடுத்தது சரளைக்கல் மைதானம். புல்தரை ஆண்களுக்கு. ஒருநாள் ஒரு முக்கியமான போட்டிக்கு, புல்தரையின் நடுவில் போய் நின்றுகொண்டு, இங்கேதான் விளையாடுவோம் என்று சொல்லிவிட்டார். ஆண்கள் அங்கே பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் அலுத்துப்போய்க் குளிக்கப் போகும்வரை ஹன்னெ அசையவில்லை. பிறகு விளையாடி இரண்டு கோல் போட்டார். அடுத்த வாரமே, திரும்பவும் சரளைக்கல்லில், முழங்கால் போனது. அத்தோடு ஆட்டமும் முடிந்தது.

"கவலை இல்லையா?" என்று, அவர் இதைச் சொன்ன நாளில் நான் கேட்டேன்.

"முழங்காலுக்குக் கவலைதான். ஆனால் புல்லில் போட்ட கோலை ஒருவரும் திருப்பி எடுக்க முடியாது" என்றார்.

நான் அவரைச் சந்தித்தது அதற்கும் பல வருடங்களுக்குப் பிறகு, அம்மருட் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில். இருவருக்கும் அங்கே வேலை. என்னுடைய நோர்வேஜிய மொழி வடக்கில் மீன் தொழிற்சாலையில் பொறுக்கியது. அவருடையது பாதி டெனிஷ். அங்கிருந்த கிழவர்களுக்கு இரண்டும் விளங்காது. எங்களுக்கு மட்டும் ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாக விளங்கியது.

மாலையில் எங்கள் பையன்கள் பயிற்சி செய்ய, தாய்மார் நாங்கள் தேர்மோஸ் போத்தலில் தேத்தண்ணியும் கொண்டு எல்லைக்கோட்டில் நடுங்கிக்கொண்டு நிற்போம். அதே குடியிருப்பில் வசித்த ஹன்னெ ஒருநாள் எங்களைப் பார்த்து, "ஏன் நின்று விறைக்கிறீர்கள்? ஓடினால் சூடாகுமே" என்றார். அப்படித்தான் அணி தொடங்கியது. எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. உயரம் இருந்ததால் என்னைக் கோல் காக்கப் போட்டார்.

முதல் வாரங்கள் பெரும் சிரிப்பு. வசந்தியின் காலுக்குப் பந்து வரும். எதிரே அவளுடைய மாமியார் தங்கம்மா நிற்பார். வசந்தி மரியாதையாகப் பந்தை விட்டுக்கொடுப்பாள். யாராவது யாரையாவது இடித்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

"ஐயோ அக்கா, நொந்திட்டுதோ?"

"இல்லையடி, நீ விளையாடு."

அதற்குள் மற்றப் பக்கம் கோல் போட்டிருப்பார்கள். ஹன்னெ ஒரு மாதம் பொறுத்தார். பிறகு எல்லோரையும் நடுவில் கூப்பிட்டு, "இந்தக் கோட்டுக்குள் அக்கா, மாமி, மச்சாள் ஒருவரும் கிடையாது. வெளியே போய் எவ்வளவு வேண்டுமானாலும் மரியாதை செய்யுங்கள்" என்றார். அடுத்த கிழமை வசந்தி மாமியாரிடமிருந்து பந்தைப் பறித்தாள். தங்கம்மா மாமி புல்லில் இருந்தபடியே, "இவ்வளவு காலமும் இதை எங்கையடி ஒளிச்சு வைச்சிருந்தனி?" என்று கேட்டார். அன்று எல்லோரும் தரையில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த கோடையில் எங்கள் விளையாட்டு விழாவுக்கு ஹன்னெயைப் பிரதம விருந்தினராக அழைத்தார்கள். கழகத் தலைவர் கனகசபை அண்ணை நல்ல மனிதர். எத்தனையோ குடும்பங்களுக்கு வீடு, வேலை பார்த்துக் கொடுத்தவர். டென்மார்க்கின் நட்சத்திரம் எங்கள் விழாவுக்கு வருகிறார் என்று அவருக்கு ஒரே பெருமை. ஹன்னெ விளக்கேற்றினார். பொன்னாடையைச் சந்தோசமாக ஏற்றுக்கொண்டார். பிறகு நிகழ்ச்சி நிரலைக் காட்டி, பெண்களின் போட்டி எங்கே என்று என்னிடம் கேட்டார். நான் அண்ணையிடம் கேட்டேன்.

"பொம்பிளையளுக்குச் சங்கீதக் கதிரை வைச்சிருக்கிறம்தானே" என்றார் அவர், பாட்டு நின்றதும் நாற்காலி பிடிக்கும் விளையாட்டைச் சொல்லி.

ஹன்னெக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "கதிரை எதற்கு? அவர்கள் களைத்துப் போனார்களா?" என்றார். இதை நான் மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம். விடவில்லை.

அண்ணையின் முகம் கறுத்தது. நேரம் இல்லை, ஓரத்து மைதானத்தில் வேண்டுமானால் விளையாடுங்கள் என்றார். ஹன்னெ மேசையிலிருந்த வெற்றிக்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, தோளில் பொன்னாடையோடு, பெரிய மைதானத்தின் நடுவில் போய் அமர்ந்துவிட்டார். இறுதிப் போட்டிக்கு இரண்டு அணிகளும் தயாராக நின்றன. மழையும் தூறத் தொடங்கியது.

"பிள்ளை, அவவை எழும்பச் சொல்லும்."

"நீங்களே போய்ச் சொல்லுங்கோ அண்ணை. நான் சொன்னால் கேக்கமாட்டா."

வடைக் கூடாரத்தில் நின்ற என் கணவர்தான், "இவ்வளவு நேரமும் நிண்டு கதைச்சதுக்கு அவை விளையாடியே முடிச்சிருப்பினம்" என்றார். முதல்நாள் வரை என்னை நக்கலடித்தவர் அவர். கூட்டம் சிரித்தது. அண்ணைக்கு வேறு வழி இருக்கவில்லை.

பெரிய மைதானத்தில் நாங்கள் விளையாடினோம். எதிரே எங்கள் பிள்ளைகள், இங்கே பிறந்த பதினேழு பதினெட்டு வயதுப் பெண்கள். ஆறு கோல் போட்டார்கள். ஆறும் என்னைத் தாண்டித்தான் போயின. வெட்கத்தோடு வெளியே வந்து, ஊர் சிரிக்கிறது என்று ஹன்னெயிடம் சொன்னேன். அவர் தன் பொன்னாடையால் என் முகத்துச் சேற்றைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "ஆறு கோல் வாங்குவதற்கும் ஒரு மைதானம் வேண்டும். நேற்றுவரை உனக்கு அதுவும் இல்லை." பிறகு ஆண்களின் இறுதிப் போட்டியை முழுவதும் இருந்து பார்த்து, வென்றவர்களுக்கு முறையாகக் கிண்ணத்தைக் கொடுத்தார்.

அன்று முதல் ஒவ்வொரு வருடமும் பெரிய மைதானத்தில் பெண்களின் போட்டி நடக்கிறது. ஒவ்வொரு வருடமும் அதை ஓரத்துக்குத் தள்ள யாராவது வருவார்கள். ஹன்னெ அவர்களுக்கு முன்பே வந்து நிற்பார். போன வருடம் புற்றுநோயோடு சக்கர நாற்காலியில் வந்து நின்றார்.

இறுதிச் சடங்குக்கு டென்மார்க்கிலிருந்து அவருடைய அண்ணன் மகள் வந்தார்; கையில் ஹன்னெ எழுதிவைத்த ஒரு தாள். 'பழைய கழகத்துக்காரர்கள் வருவார்கள். வரட்டும், இருக்கட்டும். பெட்டியை என் அணி தூக்கும்.' கீழே ஆறு பெயர்கள். ஆறும் எங்கள் பெயர்கள்.

தேவாலயத்தில், முன்பு சரளைக்கல் மைதானம் கொடுத்த அந்தக் கழகத்து ஆண்கள் ஒரேமாதிரிக் கழுத்துப் பட்டியோடு முன்வரிசையில் இருந்தார்கள். தூக்கப்போவது தாங்கள்தான் என்று நினைத்திருந்தார்கள். சடங்கு நடத்துபவர் எங்களைப் பார்த்துவிட்டு, சில்லு வைத்த வண்டி இருக்கிறது என்று மெல்லச் சொன்னார். வேண்டாம் என்றோம். அப்போது கனகசபை அண்ணை என் பக்கத்தில் வந்தார். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"பிள்ளை, எங்கடை வழக்கத்திலை பொம்பிளையள் சவம் காவுறேல்லை. நாங்கள் ஆம்பிளையள் இவ்வளவு பேர் நிக்கிறம்."

"வழக்கம் எனக்கும் தெரியும் அண்ணை. திருகோணமலையிலை என்ரை அப்பாவைக் கொண்டு போகேக்கை நான் வாசல் படலையோடை நிண்டனான். இண்டைக்கு நிக்கமாட்டன்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்த் தேவாலயத்தின் பெரிய கதவைத் திறந்து பிடித்தார்.

இந்த நாட்டில் பெட்டியைத் தோளில் வைப்பதில்லை. இருபக்கமும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவார்கள். நாங்கள் பக்கத்துக்கு மூவர். எங்களில் இளையவளுக்கே ஐம்பது தாண்டிவிட்டது. தங்கம்மா மாமி தூக்க முடியாத வயதில், முன்னால் பூவோடு நடந்தார். வசந்தி தமிழில் அடி எண்ணினாள். வாகனம் வரை நீளமான பாதை. நடுவில் இறக்கி வைத்து இளைப்பாறலாம் என்று சடங்கு நடத்துபவர் சொன்னார். எங்களுக்குப் பின்னால் அந்த ஆண்கள் எல்லோரும் நடந்து வந்தார்கள்.

நீங்கள் கனமாகத்தான் இருந்தீர்கள், ஹன்னெ. ஆனாலும் ஒருத்தியும் கை மாறக் கேட்கவில்லை.