ஜீப் டயர் வைத்த கால்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போடியில் ஏலக்காய்க் கடை வைத்தேன். கழுதைகூட ஏறத் தயங்கிய மலைச்சரிவில் தோட்டம் போட்டேன். காய் உலர்த்த ஸ்டோர் கட்டினேன். அதன் கூரைத் தகரம் முழுவதும் ஆள் தலையில்தான் மேலே போனது. பிறகு பாறையை உடைத்து ஜீப்பு போகிற ரோடு போட்டேன். முடியாது என்று சிரித்தவர்கள் இன்றைக்கு அந்த ரோட்டில்தான் லோடு இறக்குகிறார்கள். இத்தனையோடு ஒரு காலும் செய்தேன். மனுசன் கால்.

அதைக் காட்சிக்கு வைத்திருப்பதாகத் தகவல் வந்து, போன மாதம் என் மைத்துனரைச் சிலமலையிலிருந்து கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். அந்தக் காலை மாட்டியிருந்தவர் அவர்தான். ஊருக்கு வெளியே செயற்கைக் கால் செய்து கொடுக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே அவருக்குப் புதுக் கால் கொடுத்தபோது பழையதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது ஒரு பெரிய அறையைக் காட்சிக்கூடமாக்கி இருக்கிறார்கள். வெடிக்காமல் கிடந்து பிறகு ஆளை முடமாக்கிய வெடிகளும், அந்த ஆட்கள் மறுபடி நடந்த விதமும் அங்கே இருக்கின்றன.

போர் நடந்த நாடுகளில் வயலுக்குள் புதைந்து கிடக்கும் குண்டுகளின் படங்களைப் பார்த்தேன். நம் பக்கத்தில் காட்டுப்பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காய் என்ற வெடியையும் மருந்தை எடுத்துவிட்டு வைத்திருந்தார்கள். அதைக் கடித்துத் தாடை போன பசுவை நானே பார்த்திருக்கிறேன். போர் நடந்த அந்த நாடுகளின் விவசாயிகள் மரத்திலும் தகரத்திலும் தாங்களே செய்துகொண்ட கால்களின் படமும் இருந்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அடிப்பாகம் என்னுடையது போல வராது.

என்னுடையது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கீழே அட்டையில், 'வெடி விபத்தில் சிக்கிய தொழிலாளி பயன்படுத்திய நாட்டுக் கால்.'

"தொழிலாளியாம்ல மச்சான்!" என்றார் மைத்துனர். "ராசிங்காபுரத்துல பாதிக் கெணறு நான் வெடி வச்சுத் தண்ணி கண்டது. வெடிக்காரன்னு போட்டா கொறஞ்சா போயிருவாக?"

"ஒன்னயாவது ஆளுன்னு போட்டிருக்கான் மாப்ளே. காலச் செஞ்சவனக் காணோம். இது என்ன, காட்டுல தானா மொளச்ச காலா?"

"கடிச்ச கடிக்கு அப்படித்தான் நெனச்சேன்."

அறையைச் சுற்றிக் காட்டிய பெண் சிரித்துவிட்டு, விபத்து எப்படி நடந்தது என்று கேட்டாள். அவர் சொன்னார்.

கிணற்று வெடியில் ஒரு பழக்கம் உண்டு. எத்தனை குழியில் மருந்து அடைத்தோமோ அத்தனை சத்தத்தையும் காதால் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் யாரும் கிட்டப் போகக் கூடாது. அன்று என் மலை ரோட்டுக்காக அவர் மருந்து அடைத்தது ஏழு குழி. வளைவுக்கு இந்தப்புறம் குந்தியிருந்து இருவரும் எண்ணினோம். அவரும் ஏழு என்றார், நானும் ஏழு என்றேன். கீழே சமவெளியில் சத்தம் போனால் போனதுதான். சரிவில் எதிர்ப்பாறையில் அடித்துத் திரும்பி வரும். முந்தைய எதிரொலிகள் அடுத்தடுத்த வெடியில் அமுங்கிவிட்டன. கடைசி எதிரொலி மட்டும் தனியாக, சுத்தமாக வந்தது. அதை ஏழு என்று எண்ணிவிட்டோம். அவர் கடப்பாரையோடு போய்ப் பாறையை நெம்பினார். வெடிக்காமல் கிடந்த ஏழாவது குழி அப்போதுதான் வெடித்தது.

"எதிரொலியவா எண்ணுனீங்க தாத்தா?"

"ஆமாத்தா. மலை ஒண்ணு சேத்துக் குடுத்துச்சு. நாங்க வாங்கிக்கிட்டோம்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தவரை நான்தான் எழுப்பினேன். பலாக்கட்டையைக் குடைந்தேன். ஏலக்காய்ச் சாக்கை மடித்து உள்ளே மெத்தை வைத்தேன். லோடு கட்டுகிற பட்டையில் வார் போட்டு, அடியில் ஜீப் டயரை வைத்து ஆணி அடித்தேன். "கொண்டா மாப்ளே காலை" என்று மாட்டிவிட்டேன். சிலமலைத் தெருவில் நடந்தார், வயலுக்குப் போனார். ஊரே பார்த்தது.

ஆனால் சரிவில் ஏற இறங்கக் கணுக்கால் மடங்க வேண்டும். நான் செய்த காலுக்குக் கணுக்கால் கிடையாது. ரோடு முடிந்ததும் முதல் ஜீப்பில் அவரை மேலே கூட்டிப் போனேன். மற்றவர்கள் ஏலச்செடிகளுக்குள் இறங்கினோம். அவர் ஜீப்பிலேயே இருந்துவிட்டார்.

"வெரசா பாத்துட்டு வாங்க மச்சான். நான் ரோட்டப் பாத்துக்கிட்டிருக்கேன்."

எத்தனையோ கட்டினேன். அந்த ஒரு கணுக்காலைச் செய்ய எனக்குத் தெரியவில்லை. அவர் வெடி வைத்த ரோட்டில் போய், அவர் இறங்காமலே திரும்பினோம். 

வேறு அட்டை எழுதுவதாகச் சொல்லி, என்ன போடட்டும் என்று கேட்டாள் அந்தப் பெண்.

"என்னய வெடிக்காரன்னு போடு ஆத்தா. அது போதும்" என்றார் மைத்துனர்.

எனக்குப் போதாது. அந்தப் பெண்ணிடம் அங்கே சொன்னதை நிலையத்தாரிடம் இங்கே எழுத்திலும் கேட்கிறேன். அந்தக் காலைச் செய்தவன் நான். அந்த ரோட்டைப் போட வைத்தவனும் நான். ஏழு என்று எண்ணிய இரண்டு பேரில் ஒருவனும் நான். மூன்றையும் அட்டையில் போடுங்கள். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் போடுவதாக இருந்தால், என் காலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.