மெஷின் ஏமாந்த நாள்

போன ஆண்டு கோடை விடுமுறை. ஜூடோ பழகும் பிள்ளைகளுக்குக் காரைக்காலில் உடல் பரிசோதனை முகாம் நடந்தது. எங்கள் ஊர் பூவத்திலிருந்து என் மகளை ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். ஜூடோவில் எடைவாரியாகத்தான் போட்டி. சில மாதங்களாக அவள் எடை ஏறிக்கொண்டே வந்தது. தன் பிரிவைத் தாண்டிவிடுவோமோ என்று பயந்தாள். ராத்திரி சோறு வேண்டாம் என்பாள். வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

முகாமில் எடை மெஷின் போல ஒரு கருவி இருந்தது. வெறுங்காலோடு ஏறிக் கைப்பிடியைப் பிடித்தால், உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டுமாம். சும்மா நின்றால் எப்படித் தெரியும்? ஆர்வம் தாங்காமல் அங்கிருந்த பெண் டாக்டரிடமே கேட்டேன். நமக்கு உறைக்காத அளவு மின்சாரம் உடம்புக்குள் போகுமாம். தசையில் தண்ணீர் அதிகம் என்பதால் சுலபமாக ஓடும், கொழுப்பில் தடைபடும். அதை வைத்துத்தான் கணக்கு என்றார்.

மகள் ஏறினாள். திரையைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. கொழுப்பு ரொம்ப அதிகமாகக் காட்டியது. டாக்டரோ வெடித்திருந்த அவள் உதட்டைப் பார்த்தார். எங்களைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டார்.

"கடைசியா எப்பம்மா தண்ணி குடிச்சே?"

"நேத்து சாயங்காலம். குடிச்சா எடை கூடிடும்னு..."

டாக்டர் திட்டவில்லை. உடம்பில் தண்ணீர் குறைந்ததால் மின்சாரம் தடைபட்டிருக்கிறது, மெஷின் அதைக் கொழுப்பு என்று நினைத்துவிட்டது என்று அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார். நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார்.

போனோம். இந்த முறை கிடுக்கி போன்ற ஒன்றால் கையிலும் காலிலும் தோல் மடிப்பைப் பிடித்தும் கொழுப்பை அளந்தார். எடை கூடியிருந்தது, கொழுப்பு குறைவாகத்தான் இருந்தது.

"ஏறுனதெல்லாம் தசையும் எலும்பும்மா. வளர்ற புள்ளைக்கு எடை ஏறலேன்னாதான் நான் பயப்படணும்" என்றார்.

விட்டேனா, நானும் ஏறிப் பார்த்தேன். என் கணக்கை இங்கே எழுதப்போவதில்லை!

மகள் தானாகவே பயிற்சியாளரிடம் பேசி, அடுத்த எடைப் பிரிவுக்கு மாறினாள். அங்கே முதல் போட்டியிலேயே தோற்றாள். திரும்பும் வழியில் ஒரு பரோட்டா கடையைப் பார்த்ததும், பசிக்கிறது என்று வண்டியை நிறுத்தச் சொன்னாள். பிள்ளை வாய்விட்டுப் பசிக்கிறது என்று சொல்வது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.