சத்தமில்லாத கருட சேவை

எங்கள் தெரு ஏழுமலை, காஞ்சிபுரம் கருட சேவையில் பெருமாளைத் தோளில் சுமப்பவர். என் ஆக்‌ஷன் கேமராவை அன்று மார்பில் கட்டிக்கொள்ளக் கேட்டார்.

"வீட்டுக்காரிக்குக் கண்ணு போனதுலருந்து கூட்டத்துக்கு வர பயப்படுது சார். அதுக்காகத்தான்."

தலையாட்டினேன். கவனமெல்லாம் கேமரா அமைப்புகளில் இருந்தது. மூன்று மணி நேர ஊர்வலத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கும் டைம்லாப்ஸைத் தேர்ந்தெடுத்தேன். அதில் ஒலி பதிவாகாது என்று கையேட்டில் படித்திருந்தேன். படம் அழகாக வந்தால் போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் அவர்கள் வீட்டில் அந்தப் படத்தைச் செல்போனில் ஓடவிட்டேன். அவர் மனைவி விஜயா அதைக் காதருகே வைத்துக் காத்திருந்தார்.

"இன்னும் கெளம்பலயா சார்?"

படத்தில் ஊர்வலமே முடிந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தம் பதிவாகவில்லை என்ற உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். விஜயா சிரித்துவிட்டார்.

"இவ்ளோ படிச்சிட்டு இப்டிப் பண்ணிட்டீங்களே! சரி, மறுபடி போடுங்க. நீங்க பாத்துப் பாத்துச் சொல்லுங்க. எங்கெங்க எப்டிக் கூவுனாருன்னு இவரு கூவிக் காட்டட்டும்."

படத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஏழுமலை முதலில் முனகினார். கோபுரவாசல் வந்ததும் தெருவே திரும்பிப் பார்க்க, "கோவிந்தா!" என்றார். விஜயா கைகூப்பினார்.

அவருக்குக் கண் தெரியாது என்று தெரிந்தும், படம் அழகாக வரவேண்டும் என்றே நினைத்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.