கைப்பேசியில் என் அண்ணன்

மலேசியாவில், ஈப்போவில் நான் வேலை செய்யும் ஜவுளிக் கடைக்கு ஒரு மதியம் ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கோடு போட்ட சட்டை. "வாங்க அண்ணே, என்ன பாக்குறீங்க?" என்று கேட்டேன். வருகிற ஆண்கள் எல்லோரிடமும் கேட்பதுதான்.

"என்னாத்த பாக்குறது? ஒன்னத்தான் பாக்க வந்தேன் லா" என்றார். முன்பின் பார்த்திராத ஒரு முகத்திலிருந்து என் சொந்த அண்ணனின் குரல் வந்தது.

அண்ணன் எதையும் கவனிக்கவில்லை. தங்கச்சி அண்ணே என்றுதானே கூப்பிட்டாள். என்ன பாக்குறீங்க என்றதைக் கேலி என்று எடுத்துக்கொண்டார். கண் அசதி என்று நானும் விட்டுவிட்டேன். நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் அண்ணே, அக்கா என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டிவிடலாம். அந்தப் பழக்கம் என் நோயை எட்டு நாட்கள் மறைத்து வைத்தது.

ஒன்பதாம் நாள் இடப்பக்கம் இருந்த சேலை அலமாரியில் மூன்று முறை இடித்துக்கொண்டேன். கூட வேலை செய்யும் மாலாதான் மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுவது) என்றார்கள். கை கால் நன்றாக இருக்கிறதே என்று வாதாடினேன். "எல்லாருக்கும் கை கால்லதான் வரணும்னு சட்டமாம்மா? ஒரு வாரமா என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று டாக்டர் திட்டினார். இளம் பெண். திட்டியது சரிதான்.

எனக்கு அடைபட்டது முகங்களை அடையாளம் காணும் பகுதி. இதை முகக்குருடு (கண் தெரியும், ஆனால் பார்ப்பது யார் முகம் என்று தெரியாத நிலை) என்று விளக்கினார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஆயுளுக்கும். இடப்பக்கப் பார்வை ஓரளவு திரும்பும். முகங்கள் திரும்புமா என்றேன். "அத நம்பி உக்காந்திருக்காதீங்க" என்றார். அந்த நேர்மைக்காக அவரை இன்றும் பிடிக்கும்.

ஈப்போவின் குனோங் ராபாட் பகுதியில் என் வீட்டில் நான் தனியாள். அதனால் அண்ணன் என்னை ஹுத்தான் மெலிந்தாங்குக்கு, தன் வீட்டுக்கு, அழைத்துப் போனார். பெற்றோர் இறந்தபின் எனக்கு இருக்கிற ஒரே ரத்த உறவு அவர்தான். மூன்று மாதம் சோறு போட்டு, மருத்துவமனைக்குக் காரோட்டிப் பார்த்துக்கொண்டார். இதை நான் மறுக்கவில்லை.

அங்கே வந்த சொந்தக்காரர்களைத்தான் தாங்க முடியவில்லை. ஒவ்வொருவரும் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்தை நீட்டி, "என்னைத் தெரியுதா?" என்பார்கள். தெரியவில்லை என்றால் அழுகை. குரலை வைத்துச் சரியாகச் சொன்னால், "பாத்தியா, இவளுக்கு ஒன்னும் இல்ல" என்று தீர்ப்பு. ஒரு மாமா அடுத்த அறைக்குப் போய் இன்னொருவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களே, அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். வாயைத் திறந்து உங்கள் பெயரைச் சொன்னால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

மருத்துவமனையில் எனக்குப் பயிற்சி கொடுத்த பெண்தான் கைப்பேசியில் குறிப்பெழுதச் சொன்னாள். ஆளுக்கு ஒரு பக்கம். "சட்ட, முடியெல்லாம் வேணாம்க்கா. மாறாதத எழுதுங்க. நட, கொரலு, பழக்கம்." எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எனக்குப் பாதிப் பேரின் பெயரே தெரியாது. போன் எண்களில் அண்ணே என்று தேடினால் முப்பது பேருக்கு மேல் வந்து நின்றார்கள். இன்னொன்றும் தெரிந்தது. மனிதர்களிடம் மாறாமல் இருப்பவை பெரும்பாலும் அவர்களுடைய குறைகள்.

அதனால் குறிப்புகள் அப்படித்தான் வந்தன. "அண்ணி: சிரிக்கும் முன் மூக்கை உறிஞ்சுவாள். எதற்கெடுத்தாலும் நாங்க அப்பவே சொன்னோம் என்பாள்." "தொப்பி மாமா: வாயில் சிகரெட் நாற்றம். தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பான்." "அண்ணன்: வலது காலைத் தேய்த்து நடப்பான். பேசும் முன் இரண்டு தடவை செருமுவான். செய்த உதவியை மூன்று தடவை சொல்லிக் காட்டுவான்."

கடைசி வரி அடையாளத்துக்காக எழுதியதில்லை. கோபத்தில் எழுதியது. உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

என் பழைய டேப்லெட்டை அண்ணியிடம் சீரியல் பார்க்கக் கொடுத்திருந்தேன். கைப்பேசியில் எழுதுவதெல்லாம் அதிலும் போய் விழும் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அண்ணி அதைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள். மூக்கை உறிஞ்சவில்லை.

அண்ணன் நிதானமாகப் படித்தார். "நடப்பான். செருமுவான்" என்றார். "அவன் இவன்னு எழுதி வச்சிருக்க."

"சுருக்கமா இருக்கட்டும்னு எழுதினேண்ணே. எல்லாருக்கும் அப்படித்தான்."

"ஒனக்கு நானும் எல்லாரும் ஒன்னா?"

"அது எனக்கு மருந்துண்ணே."

"மருந்தா லா இது? வெசம். ஒருத்தர் பாக்கியில்லாம வெசம்." பிறகு குரல் தாழ்ந்தது. "மூனு தடவ சொன்னேனா நான்? எப்ப சொன்னேன், சொல்லு பாப்போம்."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அத்தனை பேரும் மாதக்கணக்காக என்னைச் சோதித்தபோது இவர் ஒரு வார்த்தை தடுத்தாரா என்ற ஆத்திரம் எனக்கு. நானே போய்த் துணியை எடுத்து வைத்தேன்.

அன்றே ஈப்போவுக்குக் காரில் கொண்டுவந்து விட்டார். வழி முழுக்கப் பேசவில்லை. ஒரு தடவைகூடச் செருமவில்லை. வேண்டுமென்றே அடக்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் அண்ணன்தான் என்பதற்கு அந்தக் காரைத் தவிர எனக்கு வேறு ஆதாரம் இல்லை. அந்தப் பயணத்தில் பயந்தது போல் ஸ்கேன் குழாய்க்குள்கூட நான் பயந்ததில்லை.

கடைக்குத் திரும்பினேன். யாரும் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. நான்கு மாதம் போயிற்று.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கடையில் கூட்டம். முகக்கவசம் போட்ட ஒருவர் வந்து நின்றார். "வாங்க அண்ணே, என்ன பாக்குறீங்க?" என்றேன். அவர் பேசாமல் கரை போட்ட ஒரு வேட்டியைக் கைகாட்டினார். எடுத்து மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். "வேற ஏதாச்சும் வேணுமாண்ணே?" தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் அடுத்தவரைப் பார்த்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. இரண்டு தடவை செருமல்.

"மாஸ்க்கு போட்டிருந்தேன். வாயத் தொறக்கல. காலக்கூட தூக்கித் தூக்கித்தான் வச்சேன். அப்படியும் பாத்தவொடனே அண்ணேன்னு கூப்ட்டியே லா நீ." அவர் அழுதுகொண்டிருந்தார். "ஒங்கண்ணிகிட்டயும் சொல்லிட்டேன். ஊரையே மறந்தாலும் என் தங்கச்சிக்கு என்னைத் தெரியுதுன்னு."

இவரும் தொப்பி மாமாவாகி என்னைச் சோதித்திருக்கிறார். நானோ ஒன்றும் தெரியாமலே தேறியிருக்கிறேன். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்.

"ஆமாண்ணே" என்றேன்.

போனை வைத்ததும் குறிப்பைத் திறந்தேன். கடைசி வரியை அழித்தேன். நடப்பான் என்பதை நடப்பார் என்றும், செருமுவான் என்பதை செருமுவார் என்றும் மாற்றினேன். கோபம் முழுதும் போகவில்லை. இந்தக் கட்டுரையை அவர் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

குணமாகிவிட்டதா என்று கேட்பீர்கள். பார்வை வந்துவிட்டது, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. முகங்கள் வரவில்லை. போன மாதம் கடைக் கண்ணாடியில் எதிரே வந்த பெண்ணிடம், "கொஞ்சம் வழி விடுங்கக்கா" என்றேன். அவள் நகரவில்லை. அப்புறம்தான் அவள் போட்டிருந்த சீருடையைப் பார்த்தேன். என்னைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதிலும் நல்லதாக அதிகமில்லை.

யாரோடும் எனக்குப் பழைய நாட்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. ஒவ்வொருவரும் வாசலில் நுழையும்போதுதான் தொடங்குகிறார்கள். யாராவது வந்து நின்றால், முன்பு வாய்ப்பழக்கமாகச் சொன்னதை இப்போது நிமிர்ந்து, கண்ணைப் பார்த்துச் சொல்கிறேன். "வாங்க அண்ணே." அது அவராகவும் இருக்கலாம்.