பாக்காமத் தள்ளுன அக்கா

இன்னைக்குக் காலையில நானே காருக்கு டீசல் ஃபில்டர் மாத்தினேன். அதுக்கப்புறம் வண்டி ஸ்டார்ட்டே ஆகல.

"எதிர்வீட்டு அக்கா நேத்துத்தான் வண்டி பளபளன்னு இருக்குன்னு சொன்னாக. அவுக கண்ணு பட்டுருச்சு"ன்னு வாசல்ல நின்னு பொண்டாட்டிகிட்ட கத்தினேன். எலுமிச்சம்பழம் வேற சுத்திப் போட்டேன்.

தெருவே வந்து தள்ளுச்சு. அந்த அக்காவும் தள்ளுனாக. அப்பவும் வண்டி ஸ்டார்ட் ஆகல.

பெறகுதான் எனக்கு உறைச்சுச்சு. புது ஃபில்டர்ல இருக்குற காத்தை, அங்கன இருக்குற கைப்பம்ப்பை அமுக்கி வெளியேத்தணும். நான் அதைச் செய்யவே இல்ல. அமுக்கினேன், உடனே ஸ்டார்ட் ஆயிருச்சு.

அக்கா கையத் தொடச்சுக்கிட்டே சொன்னாக: "பயப்படாத தம்பி, வண்டியப் பாக்காமத்தான் தள்ளுனேன்."

வண்டி இன்னும் வாசல்லதான் நிக்குது. எடுத்தா அவுக வீட்டைத் தாண்டித்தான் தேனிக்குப் போகணும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது, சொல்லுங்கப்பா.